சுங்க வரி யாரைக் காக்கும்? - நீலகிரித் தேயிலையின் பழைய கணக்கு

நீலகிரியில் பசுந்தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் ஒரே குரல் எழுகிறது. "வெளிநாட்டுத் தேயிலையை உள்ளே விடாதீர்கள், சுங்க வரியை இறுக்குங்கள்" என்பதே அது. கோத்தகிரி, குந்தா, மஞ்சூர், கூடலூர் பக்கத்துச் சிறு விவசாயிகள் இப்படிக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. கொழுந்து பறிக்கும் கூலியும் உரச் செலவும் விலையில் திரும்பி வராதபோது, துறைமுகத்தில் வந்து இறங்கும் அயல்நாட்டுத் தேயிலையின் மீது கோபம் வருவது இயல்பே. ஆனால், துறைமுகத்தில் போடும் வரி மலையில் பறிக்கும் கொழுந்துக்கு விலையாக வந்து சேருமா என்பது வேறு கேள்வி. இந்தக் கேள்விக்கு இதே மலை ஒருமுறை விடை கண்டிருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும் இரண்டாம் போர் தொடங்கிய 1939-க்கும் இடையில், சுங்கக் கொள்கையின் எல்லா விதமான மருந்துகளும் தேயிலையின் மீது சோதித்துப் பார்க்கப்பட்டன. அந்தக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது இன்றைய விவசாயிக்கு நல்லது.

அதற்கு முன்பு இந்தியாவின் சுங்க வரியை நிர்ணயித்தது லண்டன். லங்காஷயர் ஆலைகளின் நலனே அங்கே பெரிதாக இருந்தது. 1896-இல் வெளிநாட்டுத் துணிக்கு மூன்றரை சதவீதம் இறக்குமதி வரி போட்டார்கள். அதே கையோடு இந்திய ஆலைத் துணிக்கும் மூன்றரை சதவீதம் உற்பத்தி வரி போட்டார்கள். இந்திய ஆலைக்கு எந்தச் சலுகையும் கிடைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். போருக்குப் பின் நிலைமை மாறியது. சர்க்காருக்குப் பணம் வேண்டியிருந்தது. நாட்டில் சுதேசி உணர்வும் வலுத்துவிட்டது. 1921-இல் இப்ராஹிம் ரஹிம்துலா தலைமையில் வரிக் கொள்கைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. எல்லாத் தொழிலுக்கும் பாதுகாப்பு இல்லை, தேர்ந்தெடுத்த தொழில்களுக்கு மட்டுமே உண்டு என்று அது 1922-இல் சொன்னது. இயற்கை வசதி இருக்க வேண்டும், உதவியில்லாமல் வளர முடியாத தொழிலாக இருக்க வேண்டும், பின்னால் உதவியின்றி நிற்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் போட்டது. கமிஷனின் தலைவரே இது போதாது என்று மாற்றுக் குறிப்பு எழுதினார். சென்னையைச் சேர்ந்த டி.வி. சேஷகிரி அய்யரும் ஜி.டி. பிர்லாவும் அதில் கையெழுத்திட்டவர்கள்.

1923-இல் தீர்வை வாரியம் ஏற்பட்டது. 1924-இல் உருக்குக்குப் பாதுகாப்பு கிடைத்தது. 1932-இல் சர்க்கரைக்குக் கிடைத்தது. சர்க்கரையில் பலன் கண்கூடாகத் தெரிந்தது. ஜாவா சர்க்கரை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த நாட்டில், முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் நாலைந்து வருஷத்தில் நூற்றுமுப்பதைத் தாண்டின. தஞ்சை மிராசுதார்களும் சும்மா இருக்கவில்லை. சயாம், இந்தோசீனா நொய்யரிசி சென்னைத் துறைமுகத்தில் குவிந்து நெல் விலையை அடித்தபோது கூக்குரல் எழுப்பினார்கள். 1935-இல் நொய்க்கும் இறக்குமதி வரி வந்தது.

இந்தப் பாதுகாப்பு மதிலுக்குள் வளர்ந்தவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பவை கோவைப் பஞ்சாலைகள். இறக்குமதித் துணிக்கான வரி 1930-க்குப் பின் படிப்படியாக உயர்ந்தது. அதே சமயத்தில்தான் நீலகிரியின் பைக்காரா ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் வேலை நடந்தது. 1929-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 1932-இல் மின்சாரம் தந்தது. வரி ஒரு பக்கம், மலிவான மின்சாரம் ஒரு பக்கம் என்று இரண்டும் கூடி வரவே, கோவையில் ஆலைச் சங்குகள் பெருகின. மலைத் தண்ணீர் சமவெளித் தொழிலை வளர்த்தது. ஆனால் தண்ணீர் தந்த மலையின் சொந்த விளைபொருளுக்கு இந்த மதிலால் என்ன பயன்?

மதிலுக்கு வெளியே விற்ற சரக்கு

பயன் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நீலகிரித் தேயிலை அன்று இந்தியாவில் விற்கும் சரக்கு அல்ல. குன்னூரிலும் கூடலூரிலும் காய்ச்சி உலர்த்திய தூள், பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறி லண்டனுக்குப் போனது. வெளியே விற்பவனுக்கு உள்ளே கட்டிய மதிலால் லாபம் வராது, செலவுதான் வரும். தேயிலை அடைக்கும் ஒட்டுப்பலகைப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. பெட்டியைக் கட்டும் இரும்புப் பட்டையும், பாக்டரியின் உருளைகளும் அப்படியே. ஒட்டுப்பலகைப் பெட்டித் தொழிலுக்குப் பாதுகாப்பு தருவதா என்று தீர்வை வாரியம் 1927-இல் விசாரித்தபோது, தோட்டக்காரர்கள் அதை விரும்பவில்லை. பெட்டி செய்பவனுக்குப் பாதுகாப்பு என்றால் பெட்டி வாங்குபவனுக்குச் சுமை. இது இன்றும் எந்த வரிக்கும் பொருந்தும்; ஆனால் வரி கேட்கும் மேடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சர்க்காரின் கையும் தோட்டக்காரரின் பைக்குள் இருந்தது. போர்ச் செலவுக்காக 1916-இல் 100 ராத்தல் தேயிலைக்கு ஒன்றரை ரூபாய் ஏற்றுமதி வரி போட்டார்கள். (ஒரு ராத்தல் சுமார் 453 கிராம்.) போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1927-இல்தான் அது நீங்கியது. அதே ஆண்டில் ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என்று சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 16 பென்ஸே போதும் என்று இந்திய வர்த்தகர்கள் வாதாடித் தோற்றார்கள். லண்டனில் ஒரு பவுனுக்குத் தேயிலை விற்றவருக்கு 16 பென்ஸ் கணக்கில் 15 ரூபாய் கிடைத்திருக்கும். 18 பென்ஸ் கணக்கில் 13 ரூபாய் 5 அணா 4 பைசாதான் கிடைத்தது. வரி என்ற பெயரே இல்லாமல் விழுந்த இந்த வெட்டு, முன்பு இருந்த ஏற்றுமதி வரியை விடப் பெரியது. நாணய மாற்று விகிதமும் ஒரு சுங்க வரிதான் என்பதை ஏற்றுமதிப் பயிர் வைத்திருக்கும் எவரும் மறக்கக் கூடாது.

வாங்குபவர் வீட்டு வரி

இனி லண்டன் பக்கம் பார்க்கலாம். பிரிட்டனில் தேயிலைக்கு நெடுநாளாக இறக்குமதி வரி உண்டு. 1919 முதல் இந்தியா, இலங்கை போன்ற சாம்ராஜ்ய நாட்டுத் தேயிலைக்கு அந்த வரியில் ஆறில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். டச்சுக்காரர்களின் ஜாவா, சுமத்ரா தேயிலைக்குத் தள்ளுபடி இல்லை. 1929-இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தேயிலை வரியையே அடியோடு எடுத்துவிட்டார். பிரிட்டிஷ் ஏழை வீட்டுக்கு அது நல்ல காலம். ஆனால் வரி போனதும் தள்ளுபடியும் போயிற்று. ஜாவாத் தேயிலை சரிசமமாக வந்து நின்றது. கூடவே உலகப் பொருளாதார மந்தம். தேயிலை மட்டுமல்ல, விவசாயி விற்ற எல்லாமே சரிந்த ஆண்டுகள் அவை.

1932 ஏப்ரலில் பிரிட்டன் மீண்டும் வரி போட்டது: அயல்நாட்டுத் தேயிலைக்கு ராத்தலுக்கு 4 பென்ஸ், சாம்ராஜ்யத் தேயிலைக்கு 2 பென்ஸ். அதே ஆண்டு கனடாவின் ஓட்டாவா நகரில் சாம்ராஜ்ய நாடுகள் கூடிச் சலுகை உடன்பாடுகள் செய்துகொண்டன. இந்தியத் தூதுகுழுவில் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர் இவரே. பிரிட்டிஷ் சரக்குக்கு இங்கே சலுகை, இந்தியச் சரக்குக்கு அங்கே சலுகை என்பது உடன்பாட்டின் சாரம். நாட்டில் அதற்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது. 1936-இல் மத்திய சட்டசபை அதை முடித்துக்கொள்ளும்படி தீர்மானம் போட்டது. பருத்தி, எண்ணெய் வித்துக்களை உலகெங்கும் விற்கும் நாடு ஒரே வாங்குபவரோடு தன்னைக் கட்டிக்கொள்ளலாமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. அது நியாயமான கேள்வி. தேயிலைக்கு மட்டும் இந்த உடன்பாட்டில் ஆதாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த 2 பென்ஸ் சலுகை விலையைத் தூக்கியதா? இல்லை. காரணம் எளிது. சந்தையில் குவிந்து கிடந்த தேயிலையில் பெரும்பகுதி ஜாவாவுடையது அல்ல. இந்தியாவும் இலங்கையும் அனுப்பியதே. வெளியாரை ஒதுக்குவதற்குச் சலுகை வரி உதவும். வீட்டுக்குள்ளேயே சரக்கு மிஞ்சிக் கிடந்தால் அது என்ன செய்யும்?

பங்கீடு வந்த கதை

இதை உணர்ந்த பிறகுதான் தோட்டக்காரர்கள் வேறு வழிக்கு வந்தார்கள். 1930-இல் தாங்களாக உற்பத்தியைக் குறைப்பது என்று ஒரு முயற்சி நடந்து, பலனில்லாமல் போயிருந்தது. இந்த முறை சட்டத்தின் துணையோடு செய்தார்கள். இந்தியா, இலங்கை, டச்சு இந்தியா மூன்றும் 1933-இல் சர்வதேசத் தேயிலை உடன்பாடு செய்துகொண்டன. 1929 முதல் 1931 வரையிலான மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டு ஏற்றுமதி அதிகமோ, அதுவே அந்த நாட்டின் அடிப்படை அளவு. இந்தியாவுக்கு 38 கோடியே 26 லட்சம் ராத்தல். இலங்கைக்கு 25 கோடியே 16 லட்சம். டச்சு இந்தியாவுக்கு 17 கோடியே 36 லட்சம். முதல் ஆண்டு இதில் 85 சதவீதம் மட்டுமே கப்பலேற்றலாம். இதற்காக இங்கே 1933-இல் இந்தியத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. உடன்பாடு புதுப்பிக்கப்பட்டபோது 1938-இல் மறு சட்டம் வந்தது. லைசென்ஸ் கமிட்டியின் சீட்டு இல்லாத தேயிலையைச் சுங்க அதிகாரி கப்பலில் ஏற்ற விடமாட்டார். அதுவரை வரி வாங்கும் இடமாக இருந்த சுங்கச்சாவடி, அன்று முதல் அளவு பார்க்கும் இடமாகவும் ஆயிற்று.

விலை ஏறியது. தோட்டங்கள் மூச்சு விட்டன. கட்டுப்பாடு வெற்றி என்று கம்பெனிகள் மெச்சிக்கொண்டதில் பொய் இல்லை. ஆனால் யாருக்கு வெற்றி என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதி உரிமை ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதன் பழைய விளைச்சலை வைத்துப் பங்கிடப்பட்டது. ஏற்கெனவே தேயிலை வைத்திருந்தவர்களுக்கே உரிமை. அந்த உரிமையை விற்கவும் செய்யலாம். தேயிலையை உள்நாட்டில் விற்றுவிட்டு, கப்பல் உரிமையை வேறொரு தோட்டத்துக்குக் காசாக்கியவர்கள் உண்டு. செடி தந்த வருமானம் போக, சீட்டும் ஒரு வருமானம் தந்தது. புதிதாக நடுவதோ தடை. மொத்தப் பரப்பில் அரை சதவீதத்துக்கு மேல் புது நடவு கூடாது. அதற்கும் அனுமதி வேண்டும். சாமையும் கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்த படுகர் விவசாயி, பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துத் தானும் இரண்டு ஏக்கர் தேயிலை வைக்கலாம் என்று நினைத்திருந்தால், சட்டம் குறுக்கே நின்றிருக்கும். உலகத் தேயிலைக்கு விலை ஏறிய அந்த ஆண்டுகளில் மலையின் சொந்த விவசாயிக்கு அதில் பங்கு இல்லை. தோட்டத் தொழிலாளிக்கும் அப்படித்தான். மந்த காலத்தில் கூலியைக் குறைத்தார்கள். பறிப்பைக் குறைத்தால் வேலை நாளும் குறையும். அவர்கள் சார்பில் பேச உடன்பாட்டு மேஜையில் நாற்காலி போடப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று நாடுகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, கிழக்கு ஆப்பிரிக்காவில் தேயிலை வேர் பிடித்தது. அங்கேயும் பிறகு நடவுக்கு வரம்பு போட்டார்கள் என்றாலும் வாசல் திறந்துவிட்டது. இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் முதலிடத்தில் இருப்பது கென்யா. அங்கே விளைவதில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளுடையது.

48 ராத்தலுக்கு ஒரு அணா

சுங்கச்சாவடியில் நடந்த எல்லாவற்றிலும் சிறியதாகத் தோன்றிய ஒன்றுதான் நீண்ட நாள் பலன் தந்தது. அது தேயிலைத் தீர்வை எனப்படும் செஸ். 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கப்பலேறும் தேயிலையில் ராத்தலுக்குக் கால் பைசா வசூலித்தார்கள். 12 பைசா ஒரு அணாவான அந்தக் காலக் கணக்கில், 48 ராத்தலுக்கு ஒரு அணா. வசூலித்தது சுங்க இலாகா. செலவிட்டது தேயிலைக்காரர்களின் கமிட்டி. சர்க்காரின் பொதுக் கஜானாவில் அது கரைந்துபோகவில்லை. தேயிலையை விற்கச் சந்தை தேடுவது ஒன்றே அதன் வேலை.

வெகு காலம் இந்தப் பணம் வெளிநாட்டு விளம்பரத்துக்கே போனது. மந்தம் வந்து லண்டன் கைவிட்ட பிறகுதான் பார்வை உள்நாட்டுப் பக்கம் நன்றாகத் திரும்பியது. 1937-இல் கமிட்டியின் பெயரே தேயிலைச் சந்தை விரிவு வாரியம் என்று மாறியது. ரயில் நிலையங்களில் தேநீர் போடும் முறையை அந்தந்த மொழியில் எழுதிய எனாமல் பலகைகள் தொங்கின. ஊர் ஊராக ஆட்கள் போய் அடுப்பு மூட்டி, தேநீர் போட்டுக் காட்டி, இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். காலணாப் பொட்டலங்கள் பெட்டிக்கடைக்கு வந்தன. நீராகாரமும் மோரும் குடித்த கிராமங்களில் டீக்கடை பெஞ்சு முளைத்தது இப்படித்தான். இது உடம்புக்கு நல்லதா என்ற சண்டையும் அன்று நடந்தது. அது தனிக் கதை. காப்பிக்கும் 1935-இல் இதே மாதிரி செஸ் சட்டம் வந்தது. மறு ஆண்டே பம்பாயில் காப்பி ஹவுஸ் திறந்தார்கள்.

ஓட்டாவாச் சலுகை போய்விட்டது. பங்கீடு 1955-இல் முடிந்தது. பிரிட்டனுக்குப் பதிலாகப் பிடித்த ரஷ்யச் சந்தையும் 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபோது ஆட்டம் கண்டது. உள்நாட்டுச் சந்தை மட்டும் நின்றது. இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஐந்தில் நான்கு பங்கு இந்தியர்களே குடிக்கிறார்கள். அப்படிப்பட்ட தேயிலைச் செஸ், ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் மற்றச் செஸ்களோடு சேர்த்து நீக்கப்பட்டது. யாரும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை.

இன்றைய கொழுந்துக்கு

இன்று நிலைமை தலைகீழ் என்பதைக் கவனிக்க வேண்டும். 1961-இல் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கு விவசாயம் தளர்ந்த பின் பல்லாயிரம் குடும்பங்கள் தேயிலைக்கு மாறின. 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் இண்ட்கோசர்வ் ஏற்பட்டது. அன்று வெளியே நிறுத்தப்பட்ட விவசாயிதான் இன்று மலைத் தேயிலையின் முதுகெலும்பு. அவர் விற்பதும் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே. எனவே இறக்குமதி வரி அவருக்கு இன்று உண்மையிலேயே பொருள் உள்ளது. அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஆனால் வரி ஏற்கெனவே இருக்கிறதே! இறக்குமதித் தேயிலைக்கு வரி 100 சதவீதம். 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலங்கை உடன்பாட்டின்படி ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை சலுகை வரியில் வரலாம். நேபாளத் தேயிலைக்கு வரி இல்லை. மறு ஏற்றுமதிக்கென்று வருவதற்கும் வரி இல்லை. அதில் ஒரு பகுதி இங்கேயே கலந்து விற்கப்படுகிறது என்பது விவசாயிகளின் புகார். ஆக, வேண்டியது இன்னும் உயர்ந்த வரி அல்ல. வந்த சரக்கு திரும்பிப் போனதா என்று பார்க்கும் கண்டிப்புதான் வேண்டும். 1933-இல் ராத்தல் கணக்கில் சீட்டுப் பார்த்து விட்ட சுங்க இலாகாவுக்கு இது முடியாத காரியம் இல்லை.

அதையும் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். குன்னூர் ஏலத்தில் தூள் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால், அதில் கொழுந்துக்கு எவ்வளவு? சிறு விவசாயி விற்பது தூள் அல்ல, இலை. பறித்த அன்றே பாக்டரிக்குக் கொடுத்தாக வேண்டும்; வைத்திருந்து விலை பேச முடியாது. ஏலத் தொகையை விவசாயிக்கும் பாக்டரிக்கும் பிரிக்கும் விகிதம் தேயிலை வாரியத்தின் விதியில் இருக்கிறது. 2023-இல் கிலோ கொழுந்துக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்களே, விதி மட்டும் போதுமானால் அந்தப் போராட்டம் எதற்கு? 2003-இல் விலை நிலைப்படுத்தும் நிதி என்று மத்திய அரசு ஒன்றைத் தொடங்கியது. எதிர்பார்த்த அளவு விவசாயிகள் சேரவில்லை; 2013-இல் அதன் காலம் முடிந்தது. விலை சரிந்த மாதத்திலேயே கைக்கு வராத உதவியை நம்பி எந்த விவசாயி சேருவார்?

இறக்குமதித் தேயிலையில் வசூலாகும் சுங்க வரி பொதுக் கஜானாவுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கைப் பழைய செஸ் போலத் தனியே ஒதுக்கலாம். அதைக் கொழுந்து விலை விழும் மாதங்களில் சிறு விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராகப் போடலாம். மீதியில் நீலகிரித் தேயிலையை அதன் பெயராலேயே தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கப் பிரசாரம் செய்யலாம். அந்த நிதியை நடத்தும் குழுவில் பாக்டரி முதலாளிகளுக்குச் சமமாக இலை விற்பவர்களும் உட்கார வேண்டும். 1933-இல் இல்லாமல் போன நாற்காலி அது. அடுத்த முறை டில்லிக்கு மனுக் கொண்டுபோகிறவர்கள், வரிக் கோரிக்கைக்கு மேலே இதை முதல் வரியாக எழுதிக்கொண்டு போகட்டும்.